அது பல்லோட நம்பர்

மருத்துவமனையின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் அறையில்தான் ரத்தம் எடுப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் ஆம்புலன்ஸ் திரும்பும் வளைவு தெரியும். உள்ளே மூன்று நாற்காலிகள். அதில் ஒன்றின் கைப்பிடி பிய்ந்துபோய், வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தாலும் வருகிறவர்கள் அந்தப் பிளாஸ்திரி நாற்காலிக்குத்தான் காத்திருப்பார்கள். "பரவாயில்ல சார், நான் அக்காவுக்கே வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நிற்பார்கள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் ஊசியோடு நிற்பவளுக்குக் கொசு அக்கா என்று பெயர்.

பெயர் வைத்தது ஒரு லாரி டிரைவர். வேறு எங்கோ ஏழு குத்து வாங்கி, இரண்டு கையும் நீலம் பாரித்துப் போய் வந்த மனிதர். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முடிஞ்சுது, எழுந்திரிங்கண்ணே" என்று அவள் சொன்னபோது அவர் நம்பவேயில்லை. "என்னக்கா இது, கொசு கடிச்சாக்கூட இதைவிட வலிக்குமே!" என்று அறை அதிரச் சொன்னார். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பெயர். முதலில் அவளுக்குக் கோபம்தான். ரத்தம் குடிக்கிற ஜந்துவின் பெயரையா வைக்கணும் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் கணவரே வீட்டில் அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள்.

முப்பத்தொரு வயது வரை அவள் துணி ஆலையில் சட்டை பட்டன் இழுத்துப் பார்க்கும் வேலையில் இருந்தவள். அதற்குப் பிறகுதான் லேப் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது. முதல் நாள் அவளை ஆசிரியை என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றார்களாம். அந்தக் கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள். பட்டன் பார்த்த பழக்கமோ என்னவோ, அவள் கைக்கு அவசரம் தெரியாது. நாள்பட்ட நோயாளிகளின் நரம்பு லேசில் அகப்படாது. பயந்த பூனை மாதிரி உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும். அவள் வெந்நீரில் நனைத்த துண்டைக் கையில் சுற்றி வைப்பாள். பிறகு கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரலால் தேடுவாள். தேடும் நேரம் முழுக்கப் பேச்சு. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, கால்ல என்ன கட்டு, ஏன் இருமுறீங்க. அது வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நான்காம் மாடியில் இருக்கும் கல்லீரல் டாக்டரம்மா ஒருநாள் அவளைத் தேடிக் கீழே வந்தார். கல்லீரல் புற்றுநோய் முற்றிப்போய், அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமல் வருகிறவர்களைப் பார்ப்பவர் அவர். உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் புது மருந்து ஒன்று அப்போது வந்திருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். சிலருக்குக் கட்டி நன்றாகவே சுருங்கும். பலருக்கு ஒன்றும் நடக்காது. யாருக்குப் பலிக்கும் என்பது ஒன்பது வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

"அந்த ஒன்பது வாரத்தைக் குறைக்கணும்" என்றார் டாக்டரம்மா. "முடிஞ்சா முதல் நாளே தெரியணும். அதுக்கு உங்க கை வேணும்."

விஷயம் இதுதான். ரத்தத்தில் இரண்டு பொருட்களை அளப்பார்கள். ஒன்று ஏ.எஃப்.பி. கட்டியே கசியவிடும் ஒரு புரதம் அது. இன்னொன்று சி.ஆர்.பி. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் கல்லீரல் அதை ஏராளமாகத் தயாரிக்கும். மருந்து தொடங்கும்முன் இரண்டும் குறைவாக இருந்தால் மருந்து பலிக்க வாய்ப்பு அதிகம்; இரண்டும் எகிறியிருந்தால் குறைவு. தொடங்கிய பிறகு ஏ.எஃப்.பி. மளமளவென்று இறங்கினால் அது நல்ல அறிகுறி. இதெல்லாம் தங்கள் நோயாளிகளிடமும் உண்மைதானா, நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு உறுதியா என்று பார்க்கத்தான் ஆராய்ச்சி. ஒவ்வொருவரிடமும் மூன்று முறை ரத்தம் எடுக்க வேண்டும்: முதல் மருந்துக்கு முன்னால், மூன்றாம் வாரம், ஆறாம் வாரம்.

அவள் அந்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். ரத்தம் உறைய அரைமணி நேரம் என்றால் அரைமணி நேரம். இயந்திரத்தில் சுற்றியபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, எண் ஒட்டி, உறைபெட்டியில் அடுக்குவாள். ரத்த அணுக்கள் உடைந்து நீர் கொஞ்சம் சிவந்திருந்தாலும் கீழே கொட்டிவிட்டு, நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுப்பாள். ஒவ்வொரு குழாயோடும் ஒரு தாள் போகும். அதன் அடியில் 'குறிப்பு' என்று விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். யாரும் அதை நிரப்புவதில்லை. அவள் நிரப்பினாள். 'மூன்று நாளாக இருமல்.' 'இடது கட்டைவிரலில் புண், சீழ் இருக்கிறது.' 'நேற்று குளியலறையில் விழுந்தாராம்.' கட்டம் போதாவிட்டால் ஓரத்தில் நெளித்து எழுதுவாள்.

தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெண் ஒருமுறை அலுத்துக்கொண்டாள். "ஏன்க்கா இவ்வளவு எழுதுறீங்க? கம்ப்யூட்டர்ல இதுக்கு இடமே கிடையாது."

"இடமில்லைன்னா விட்டுடும்மா. நான் எழுதறதை எழுதிடறேன்."

அப்படியே நான்கு வருடம் ஓடியது.

முதல் கட்ட முடிவுகள் ஓரளவுக்கு நம்பிக்கை தந்தன. அதை வைத்து இரண்டாம் கட்டம் தொடங்கியது. இரண்டு அளவும் கூடியிருப்பவர்களுக்கு மாத்திரை வழிச் சிகிச்சை. மற்றவர்களுக்கு நரம்பில் ஏற்றும் புது மருந்து. இப்போது எண் வெறும் எண்ணாக இல்லை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதே அதை வைத்துத்தான் முடிவானது.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் வந்தார். ஐம்பத்தாறு வயது. சட்டை தைப்பதில் கெட்டிக்காரர். கல்லீரலிலிருந்து நோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டிருந்தது. ஆனாலும் மனிதருக்கு வாய் அடங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் அங்கியைப் பார்த்து, "தோள் இறங்கிக் கிடக்கு, யார் தைச்சது இதை?" என்றார். சொன்ன கையோடு வலது தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார் அங்க?"

"ஒண்ணுமில்ல."

பக்கத்தில் நின்ற மனைவி விடவில்லை. "ஒண்ணுமில்லையா? அஞ்சு நாளா ஒரு பக்கமாத்தான் மெல்றாரு. கன்னம் பாருங்க, பன்னு மாதிரி இருக்கு."

"மேல டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

தையல்காரர் கூசிப்போய்ச் சிரித்தார். "கேன்சர் பாக்கிற டாக்டர்கிட்ட போய்ப் பல்லு வலிக்குதுன்னு சொன்னா என்னை என்னன்னு நினைப்பாங்க?"

அவள் ரத்தம் எடுத்தாள். கட்டத்தில் எழுதினாள்: 'வலது கடைவாய்ப் பல் வீக்கம். ஐந்து நாள்.'

இரண்டு நாள் கழித்து அடுத்தடுத்த ரத்தத் தேதிகளைக் குறிக்கப் பட்டியல் அவள் மேசைக்கு வந்தது. தையல்காரர் பெயருக்கு நேரே ஏ.எஃப்.பி. முந்நூற்று நாற்பது. சி.ஆர்.பி. அறுபத்து நான்கு. முதலாவது நூறுக்கும் இரண்டாவது பத்துக்கும் மேல் போனாலே கூடுதல் என்று கணக்கு. கடைசிக் கட்டத்தில் 'மாத்திரை' என்று இருந்தது.

அவள் அந்த அறுபத்து நான்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் தலையிடுவது அவள் வேலை இல்லை. அவள் வேலை குத்துவது, சுற்றுவது, அடுக்குவது. ஆனால் அவள் அண்ணன் நினைவுக்கு வந்தார். கிடங்கில் கிரேன் ஓட்டியவர், இதே நோய். ஒரு மருந்து தொடங்கி, தினமும் வாந்தி எடுத்துக்கொண்டு, "வேலை செய்யுதாம்மா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டார். எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: பாக்கலாம். ஒன்பது வாரம் கழித்து ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அதற்குள் வேறு மருந்தைத் தாங்கும் தெம்பு உடம்பில் இல்லை. அந்த 'பாக்கலாம்' என்ற சொல்லை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பட்டியலைக் கையில் சுருட்டிக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினாள். லிஃப்டுக்குக் காத்திருந்தால் மனம் மாறிவிடும் என்று படியேறினாள். கூட்ட அறைக்குள் ஏழெட்டு டாக்டர்கள். கதவருகே நின்று, "டாக்டரம்மா, ஒரு நிமிஷம்" என்றாள். மூச்சு வாங்கியது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு அடுத்த நிலையில் இருந்த கண்ணாடி டாக்டர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "குறிப்பு எதுவும் இல்லையே. மெஷின்ல தப்பு இருக்குன்னு சொல்றீங்களா?" என்றார்.

"மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு சார். அறுபத்து நாலு இருக்கும். ஆனா அது கட்டியோட நம்பர் இல்ல. அது பல்லோட நம்பர்."

யாரோ லேசாகச் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அசல் தாளைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. நெளிந்த எழுத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். "பல் டாக்டருக்கு அனுப்புங்க. பல்லு சரியானதும் மறுபடி ரத்தம் எடுத்துட்டு முடிவு பண்ணலாம்."

கண்ணாடி டாக்டர் பின்னாலேயே வந்து தாழ்வாரத்தில் அவளைப் பிடித்தார். திட்டுகிற ஆள் இல்லை அவர். அதனால்தான் அவர் சொன்னது உறைத்தது. "அக்கா, சீழ் வடிஞ்சு இறங்க பத்து நாள் ஆகும். நோய் பத்து நாள் சும்மா இருக்காது. பல்லுக்கு அப்புறமும் நம்பர் இறங்கலைன்னா, அந்தப் பத்து நாளை அவருக்கு யாரு திருப்பித் தர்றது?"

ஒரு வாரம் அவள் மதியச் சாப்பாட்டு டப்பா பாதியோடு வீட்டுக்குத் திரும்பியது. அவள் கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர்; அதிகம் பேசாதவர். நாலாவது நாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்ன ஏதென்று கேட்டார். சொன்னாள்.

ஸ்க்ரூடிரைவர்களைத் துடைத்தபடியே அவர் சொன்னார்: "ஃப்ரிட்ஜ் கூலிங் இல்லைன்னு கூப்பிடுவாங்க. புது ஆளா இருந்தா உடனே கேஸ் போச்சும்பான், கம்ப்ரஸர் போச்சும்பான். நான் முதல்ல கதவு ஒழுங்கா மூடுதான்னு பாப்பேன். கதவு சரியா இருந்தா அப்புறம் மத்தது. நீ கதவைப் பாத்திருக்க. அவ்வளவுதான்."

"கதவு சரியா இருந்து, உள்ள போயிருந்துதுன்னா?"

"அப்பவும் கதவைப் பாத்தது தப்பாயிடாது."

பதினோராம் நாள் தையல்காரர் வந்தார். கன்னம் வடிந்து முகம் பழைய அளவுக்கு வந்திருந்தது. அவள் துண்டைச் சுற்றினாள், விரலால் தேடினாள், குத்தினாள். ரத்தம் வரவில்லை. பல வருடங்களில் முதல்முறையாக அவள் கை தவறியிருந்தது. "மன்னிச்சிடுங்க சார்" என்றவளின் நெற்றியில் வேர்வை.

"எனக்கும் ஊசி கோக்கும்போது சில நாள் இப்படித்தாங்க ஆகும். நூலை எச்சில் தொட்டு மறுபடி கோப்பேன்" என்றார் அவர். "நீங்க எச்சில் மட்டும் தொட்டுடாதீங்க."

அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். இரண்டாம் குத்தில் குழாய் நிறைந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு முடிவு வந்தது. சி.ஆர்.பி. ஐந்து; கூடியிருந்தது இப்போது ஏ.எஃப்.பி. மட்டும்தான். கண்ணாடி டாக்டர்தான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு வந்தார். அவள் மேசைமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு மருந்து ஏத்தறோம்க்கா" என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு அவள் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

மூன்றாம் வாரம் ஏ.எஃப்.பி. இருநூற்றுப் பத்து. ஆறாம் வாரம் தொண்ணூறு. ஒன்பதாம் வார ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. தையல்காரர் அடுத்த முறை வந்தபோது கையில் ஒரு பொட்டலம். அளவெடுக்காமல் கண்ணாலேயே கணித்துத் தைத்த வெள்ளை அங்கி. தோள் கச்சிதமாக உட்கார்ந்தது.

கதை அத்தோடு நின்றிருந்தால் ஒரு மனிதருக்கு நல்லது நடந்தது என்று போயிருக்கும். டாக்டரம்மா அங்கே நிறுத்துகிறவர் இல்லை. ஆராய்ச்சியின் புள்ளிவிவரங்களைப் பார்க்கும் ஒல்லி மனிதரைக் கூப்பிட்டார். பலமாகக் காற்றடித்தால் பறந்துவிடுவாரோ என்று தோன்றும் உடம்பு அவருக்கு. அதனால் மருத்துவமனையே அவரைப் பெரும்புள்ளி என்றுதான் அழைக்கும். முதல் கட்டத்தின் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் தாள்களும் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. எல்லாவற்றையும் எடுத்துக் குறிப்புகளைப் படிக்க வேண்டும். எழுத்து அவளுடையது, அவளைத் தவிர யாராலும் சட்டென்று படிக்க முடியாது. மூன்று வாரம், தினமும் மதியம் இரண்டு மணி நேரம், பெரும்புள்ளியும் அவளும் ஆவணக் கிடங்கில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் படிக்க, அவர் ஏற்றினார்.

இரண்டாவது நாளே அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இந்தக் குறிப்பெல்லாம் எப்ப எழுதினீங்க? ரிசல்ட் வந்தப்புறமா?"

"முதல் கட்டத்துல ரிசல்ட்டை எனக்கு யாரு சார் காட்டினா? ஊசியை எடுத்ததும் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லுவேன். அந்த ரெண்டு நிமிஷத்துல எழுதிடுவேன்."

பெரும்புள்ளி எழுந்து நின்றேவிட்டார். "அக்கா, அதுதான் வேணும். முடிவு தெரிஞ்சு எழுதினதா இருந்தா ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல. தெரியாம எழுதினதாலதான் இது தங்கம்."

நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தேழு பேர் ரத்தம் கொடுத்த அன்று வேறு ஏதோ தொற்றோடு இருந்திருக்கிறார்கள். பல், கால் புண், சளி, சிறுநீர் எரிச்சல். அவர்களைத் தனியே பிரித்துவைத்து மறுபடி கணக்குப் போட்டதும், கலங்கலாக இருந்த முடிவு தெளிந்துவிட்டது. இரண்டு அளவையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் முன்பு தோன்றியதைவிட நம்பகமானதாக இருந்தது. தொற்று இருக்கும் நாளில் எடுத்த ரத்தத்தை வைத்து யாருக்கும் முடிவு செய்யக்கூடாது என்ற விதியும் வந்தது. 'குறிப்பு' என்ற கட்டம் போய், ஐந்து கேள்விகளோடு அரைப்பக்கம் அச்சாகி வந்தது. கம்ப்யூட்டரிலும் இடம் செய்தார்கள். கட்டுரை வெளியானபோது எழுதியவர்கள் வரிசையில் ஒன்பதாவதாக அவள் பெயர் இருந்தது. அவள் கணவர் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பழுது பார்க்கப் போகும் பையின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட வாடிக்கையாளர்களிடம், "எனக்கும் புரியாது, ஆனா அது என் சம்சாரம்" என்று சொல்வாராம்.

எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. அதே வருடம் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். இரண்டு அளவும் குறைவு, தொற்று எதுவும் இல்லை, எல்லாக் கணக்குப்படியும் மருந்து பலிக்க வேண்டியவர். ஆசிரியையின் முகத்தில் தெரிந்த பயத்தைப் பார்த்து, மனசு கேட்காமல், "உங்க ரத்தம் நல்லா இருக்குன்னு மேல பேசிக்கிட்டாங்கம்மா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். மருந்து பலிக்கவில்லை. ஆறாம் வாரம் வந்தபோது ஆசிரியை கோபப்படவில்லை. கையை நீட்டியபடி, "நல்லா இருக்குன்னு சொன்னீங்களே" என்றார். அவ்வளவுதான்.

அவள் பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது. குனிந்து, "சொன்னது என் தப்பும்மா. அது வாய்ப்பு எவ்வளவுன்னுதான் காட்டும். வாக்குறுதி இல்ல. அதை நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றாள். ஆசிரியை அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். மாத்திரைக்கு மாற்றினார்கள், எட்டு மாதம் இருந்தார். கடைசி வரை அதே நாற்காலியில்தான் ரத்தம் கொடுத்தார். அதற்குப் பிறகு யார் எவ்வளவு கெஞ்சினாலும் முடிவைப் பற்றி அவள் வாயைத் திறப்பதில்லை. "அதை டாக்டரம்மா உக்காந்து பொறுமையா சொல்லுவாங்க. நான் கேக்கத்தான் இருக்கேன். நீங்க சொல்லுங்க" என்பாள்.

தையல்காரருக்கு இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. மருந்தை நிறுத்திக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். பாதி நாள் கடைக்குப் போகிறார். யாருக்குப் பல் வலி என்றாலும் முதலில் ஓடி வந்து புத்தி சொல்கிறவர் அவர்தானாம்.

போன மாதம் பெரும்புள்ளி தரைத்தளத்துக்கு வந்தார். வேறு மூன்று மருத்துவமனைகளில் அந்த மதிப்பெண்ணை அரைப்பக்கக் கேள்வித்தாளோடு சேர்த்துச் சோதித்துப் பார்த்த முடிவுகள் வந்திருந்தன. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பத்துல ஏழு பேருக்கு முன்கூட்டியே சரியா சொல்லியிருக்கு அக்கா. ஏழு!"

அவள் ஒருவருக்குப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள். "மீதி மூணு பேரு?"

பெரும்புள்ளி கொஞ்சம் அடங்கினார். "அதுக்குத்தான் டாக்டரம்மா புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. கட்டியிலேர்ந்து உடைஞ்சு ரத்தத்துல மிதக்கிற துணுக்குகளைத் தேடப் போறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் இன்னொரு டியூப் எடுக்கணும். முடியுமா?"

அவள் தாளில் குறிப்பை எழுதி முடித்தாள். அலமாரியைத் திறந்து, சோதனைக்கு ஒரு நிற மூடி என்று பிரித்து வைத்திருந்த குழாய்த் தட்டுகளை இழுத்தாள்.

"எந்தக் கலர் மூடி?" என்று கேட்டாள்.